எஃப் கார்டு ஏன் சுத்தமாக ஒலிப்பதில்லை?

கிட்டாரில் சி, ஜி, டி கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) எல்லாம் வந்துவிட்டது, ஒரு விரலைத் தந்திகளின் குறுக்கே படுக்கவைத்துப் பிடிக்கும் எஃப் பார் கார்டு மட்டும் ‘டப் டப்’ என்கிறது, விரலில் பலம் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். பலம் பெரிய விஷயமே இல்லை. ஆட்காட்டி விரல் ஆறு தந்திகளின் மேல் படுத்திருந்தாலும், அது அழுத்த வேண்டியது 1, 2, 6ஆம் தந்திகளை மட்டும்தான் (மிக மெல்லியது 1, மிகத் தடித்தது 6). மற்ற மூன்றை மற்ற விரல்கள் பார்த்துக்கொள்ளும். விரலைத் தட்டையாக வைக்காமல் கட்டைவிரல் பக்கம் கொஞ்சம் உருட்டி, ஃப்ரெட் கம்பியை (கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பி) ஒட்டி வையுங்கள். விரல் மடிப்புக்குள் தந்தி விழுந்தால் ஒலிக்காது. விரலைச் சற்று மேலோ கீழோ நகர்த்துங்கள்.

முதல் ஃப்ரெட்டில் தொடங்காதீர்கள், அங்கேதான் தந்தி முரண்டு பிடிக்கும். அதே வடிவத்தை 5ஆம் ஃப்ரெட்டில் பிடித்தால் ஏ மேஜர். ஒவ்வொரு தந்தியாக மீட்டிப் பாருங்கள். சுத்தமானதும் முதல் ஃப்ரெட்டை நோக்கி ஒரு ஃப்ரெட் இறங்குங்கள். தினம் பத்து நிமிடம் போதும். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு அத்தோடு சரி.

அப்புறம், கிட்டாரையும் சந்தேகப்படுங்கள். விலை குறைந்தவற்றில் நட் (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் சின்னப் பட்டை) உயரமாக இருப்பது சகஜம். 3ஆம் ஃப்ரெட்டில் தந்தியை அழுத்தும்போது முதல் ஃப்ரெட்டுக்கு மேல் இடைவெளி நன்றாகத் தெரிந்தால், கடையில் கொடுத்து இறக்கச் சொல்லுங்கள். அதுவரை பாட்டுக்கு, மெல்லிய நான்கு தந்திகளில் பிடிக்கும் சின்ன எஃப் தாராளமாகப் போதும்.