கேஸ் மாத்திரையால் கை நடுங்குமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. சர்க்கரையும் பி.பி.யும் உண்டு. நாலைந்து மாதமாக இரண்டு கையும் நடுங்குகிறது. காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறார். முகத்தில் சிரிப்பே இல்லை, எதைக் கேட்டாலும் ஒற்றை வார்த்தையில் பதில். டாக்டர் பார்கின்சன் ஆரம்பம் என்று சொல்லி மாத்திரை எழுதியிருக்கிறார். போன வருடம் வயிறு உப்பசத்துக்கு வேறொரு டாக்டர் கொடுத்த கேஸ் மாத்திரையை அம்மா இன்றும் தினமும் போடுகிறார். அதனாலும் இப்படி வரும் என்கிறார் மருந்துக் கடைக்காரர். உண்மையா? நிறுத்திவிடலாமா? (ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: மருந்துக் கடைக்காரர் சொன்னது உண்மைதான். ஆனால் எல்லா கேஸ் மாத்திரையாலும் வராது. உள்ளே என்ன மருந்து இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

நாம் கேஸ் மாத்திரை என்று பொதுவாகச் சொல்வதில் பலவற்றில் இரண்டு மருந்துகள் சேர்ந்திருக்கும். ஒன்று அமிலத்தைக் குறைப்பது: பான்டோபிரசோல், ரபிபிரசோல் போன்றவை. இவை கை நடுக்கத்தைத் தருவதில்லை. இன்னொன்று இரைப்பையைச் சீக்கிரம் காலியாக்குவது. அது டோம்பெரிடோனாக இருக்கலாம், லெவோசல்பிரைடாகவும் இருக்கலாம். நான் சந்தேகிப்பது இந்த லெவோசல்பிரைடைத்தான்.

நம் உடல் அசைவுகள் சீராக நடக்க மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் வேலை செய்ய வேண்டும். பார்கின்சன் நோயில் அதைச் சுரக்கும் செல்களே அழிந்துபோகின்றன. லெவோசல்பிரைடு செல்களை அழிப்பதில்லை, டோபமைன் போய் ஒட்டிக்கொள்ளும் இடத்தை அடைத்துவிடுகிறது. காரணம் வேறு, வெளியே தெரிவது ஒன்றுதான்: நடுக்கம், விறைப்பு, குறுகிய நடை, உணர்ச்சி காட்டாத முகம். டோம்பெரிடோனும் இதே வகைதான் என்றாலும் அது மூளைக்குள் அதிகம் நுழையாது. அதனால் இந்தத் தொல்லை அதில் அபூர்வம்.

லெவோசல்பிரைடு தன்னளவில் கெட்ட மருந்து என்று சொல்ல மாட்டேன். கொஞ்ச நாளைக்கு, வயது குறைந்தவர்களுக்கு, தேவை பார்த்துக் கொடுத்தால் பயன்படும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், சில வாரங்களுக்கு எழுதியதை அதே சீட்டைக் காட்டிக் காட்டி வருடக்கணக்கில் வாங்கிப் போடும்போதுதான். 65 தாண்டியவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, ஆபத்து இன்னும் கூடுதல்.

முதல் வேலையாக மாத்திரை அட்டையைக் கையில் எடுங்கள். முன்பக்கம் பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிடுங்கள். பொடி எழுத்தில் உட்பொருள்கள் இருக்கும். வெட்டிக் கொடுத்த அட்டையாக இருந்தால் அந்தப் பகுதியே போயிருக்கும், அப்போது கடையில் முழு அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். ரபிபிரசோல் 20 மி.கி., லெவோசல்பிரைடு 75 மி.கி. என்பது இங்கே அடிக்கடி விற்கும் சேர்க்கை. பெயரின் கடைசியில் எல் என்ற எழுத்து இருந்தால் பெரும்பாலும் லெவோசல்பிரைடு சேர்ந்தது, டி அல்லது டி.எஸ்.ஆர். என்றிருந்தால் டோம்பெரிடோன். ஆனால் எழுத்தை மட்டும் நம்பாமல் உட்பொருளைப் படித்துவிடுவதே சரி.

அப்படி லெவோசல்பிரைடு இருந்தால், அட்டையோடு நரம்பியல் டாக்டரிடம் போய், "இதை எந்த மாதத்திலிருந்து போடுகிறார், நடுக்கம் எந்த மாதம் ஆரம்பித்தது" என்று தேதியோடு சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் ஒரு நோயாளியைப் பார்க்கும் டாக்டருக்கு இந்த இரண்டு தேதிகளும் மிகப் பெரிய உதவி. கேஸ் மாத்திரையை யாரும் மருந்தாக நினைப்பதில்லை. "என்னென்ன மாத்திரை போடுறீங்க" என்று கேட்டால் பி.பி., சுகர் என்று சொல்லிவிட்டு அதை விட்டுவிடுவார்கள்.

இரண்டு கையும் நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பார்கின்சன் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் தொடங்கும், மருந்தால் வருவது பலருக்கு இரு பக்கமும் சேர்ந்து வரும். இது உங்கள் சந்தேகத்துக்கு வலுச் சேர்க்கிறது, ஆனாலும் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. அம்மாவுக்குப் பல வருடமாகவே காபி, பெருங்காய வாசனை தெரியாமல் இருந்ததா, தூக்கத்தில் கத்துவது, கையை வீசி அடிப்பது உண்டா என்று யோசித்துப் பாருங்கள். இவை இருந்தால் உண்மையான பார்கின்சன் பக்கம் சாயும். தெளிவாகவில்லை என்றால் மூளையின் டோபமைன் நரம்புகளைக் காட்டும் தனி ஸ்கேன் உண்டு. மருந்தால் மட்டும் வந்த நடுக்கத்தில் அது இயல்பாக இருக்கும்.

நிறுத்தலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். அட்டையில் லெவோசல்பிரைடு இருந்தால், இது நிறுத்த வேண்டிய மருந்தாகத்தான் தெரிகிறது. இருந்தாலும் டாக்டரிடம் காட்டிவிட்டு நிறுத்துங்கள், அதைத் தள்ளிப்போடாமல் இந்த வாரமே செய்யுங்கள். ரொம்ப நாள் போட்ட அமில மாத்திரையைச் சட்டென்று விட்டால் சில வாரம் நெஞ்செரிச்சல் கூடும். அதற்குப் பயந்து பலர் பழைய மாத்திரைக்கே திரும்பிவிடுகிறார்கள். அப்படி ஆகாமல், லெவோசல்பிரைடு சேராத தனி மாத்திரையாக மாற்றித் தரச் சொல்லுங்கள். பார்கின்சனுக்குப் புதிதாக எழுதிய மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். அது லெவோடோபா வகையாக இருந்தால் குமட்டல் வரலாம். குமட்டலுக்கு மறுபடி லெவோசல்பிரைடு சேர்ந்த ஒரு கேஸ் மாத்திரை வந்து சேர்ந்தால், ஒரு மாத்திரை டோபமைனைக் கூட்ட, இன்னொன்று அதை அடைக்க, அம்மாதான் நடுவில் அவதிப்படுவார்.

ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து அதற்கு இன்னொரு மருந்து எழுதும் இந்தச் சங்கிலியைப் பற்றி மருத்துவ இதழ்கள் 1990களிலிருந்தே எச்சரித்து வருகின்றன. அம்மாவின் மற்ற மாத்திரைகளிலும் இதைப் பார்த்துவிடுங்கள். பி.பி.க்கு அம்லோடிபின் போட்டால், அதுவும் 10 மி.கி. அளவில், சிலருக்குச் சாயங்காலம் கணுக்கால் வீங்கும். கிட்னி கெட்டுவிட்டதோ, இதயம் பலவீனமோ என்று பயந்து நீர் மாத்திரை சேர்ப்பார்கள். இந்த வீக்கம் உடம்பில் நீர் கூடியதால் வருவதில்லை, சிறு ரத்தக்குழாய்கள் விரிந்து நீர் வெளியே கசிவதால் வருகிறது. எனவே நீர் மாத்திரைக்குப் பெரிதாக வடியாது, அம்மா ராத்திரியில் நான்கு தரம் எழுந்திருப்பதுதான் மிச்சம். பி.பி.க்கு ராமிபிரில், எனலாபிரில் போட்டால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். சளி பரிசோதனை, எக்ஸ்ரே, சிரப் என்று மாதக்கணக்கில் அலைவார்கள், மாத்திரையை மாற்றினால் பெரும்பாலும் சில வாரங்களில் நின்றுவிடும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் போட்டால் சிலருக்கு வைட்டமின் பி12 குறைந்து பாதம் மரத்துப்போகலாம். அதைச் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிடுவது சுலபம், ஒரு ரத்தப் பரிசோதனை உண்மையைச் சொல்லிவிடும். தலைசுற்றலுக்குப் போடும் சின்னரிசினும் மாதக்கணக்கில் தொடர்ந்தால் உங்கள் அம்மாவுக்கு வந்த இதே நடுக்கத்தைத் தரலாம். வீட்டில் அதுவும் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரை டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. ஸ்டீராய்டு, வலிப்பு மாத்திரை, மெட்டோபிரோலால் போன்ற இதய மாத்திரைகள், ஸ்டென்ட் வைத்தவர்கள் போடும் ரத்தம் உறையாமைக்கான மாத்திரை ஆகியவற்றைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம்.

மாத்திரைதான் காரணம் என்று டாக்டர் உறுதி செய்தால், இந்தியாவின் மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே தெரிவிக்கலாம். நோயாளியின் குடும்பத்தாரும் சொல்லலாம் என்பது பலருக்குத் தெரியாது.

நிறுத்திய பிறகு உடனே மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள். சில வாரங்களில் முகம் கொஞ்சம் தெளியும், நடை மெல்லச் சீராகும். முழுதாகச் சரியாக ஆறு மாதம்கூட ஆகலாம். சிலருக்கு மட்டும் முழுதாகப் போகாது. உள்ளே ஏற்கெனவே பார்கின்சன் ஆரம்பித்திருந்து, மாத்திரை அதை முன்கூட்டியே வெளியே காட்டியிருக்கும். அப்போது டாக்டர் அதற்கான சிகிச்சையைத் தொடர்வார். குணமாகும்வரை அம்மா விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வையுங்கள்.

அப்புறம், அம்மாவின் ஃபைலில் முதல் பக்கத்திலேயே மூன்று மருந்துகளின் பெயரை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: லெவோசல்பிரைடு, மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின். பின்னிரண்டும் வாந்திக்கும் தலைசுற்றலுக்கும் சாதாரணமாகத் தரும் மருந்துகள். ராத்திரியில் வாந்தி என்று அவசரப் பிரிவுக்கு ஓடினால் முதலில் போடும் ஊசி மெட்டோகுளோபிரமைடாக இருக்கலாம். ஊசி போடுவதற்கு முன்பே அந்தப் பக்கத்தை நர்ஸிடம் காட்டுங்கள்.