நாற்பது நாள் பேசியும் அவரைத் தெரியவில்லை

கேள்வி:

அம்மா, எனக்கு 34 வயது. ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். 5 வருஷத்துக்கு முன்னால் நிச்சயம் வரைக்கும் போன கல்யாணம் நின்றுபோனது. இப்போது சித்தி மூலமாக ஒரு வரன் வந்திருக்கிறது. குடியாத்தத்தில் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். 38 வயது. விவாகரத்தாகி 4 வருஷம் ஆகிறது, குழந்தை இல்லை. பெரியவர்களோடு இரண்டு தடவை பார்த்தோம். தினமும் ராத்திரி 9 மணிக்குப் போன் பண்ணுகிறார், மரியாதையாகப் பேசுகிறார். ஆனால் நாற்பது நாளாக சாப்பிட்டீங்களா, கடையில் கூட்டமா, அங்கே மழையா, இவ்வளவுதான். ஒரு நாள் துணிந்து, "உங்க முதல் கல்யாணத்துல என்னதாங்க ஆச்சு?" என்று கேட்டேன். "பழசை எதுக்குக் கிளறணும், விடுங்க" என்றார். அதற்கு மேல் கேட்கப் பயமாக இருக்கிறது. என் தம்பி வாங்கிய கடனுக்கு என் சம்பளத்தில் மாதம் 9,000 ரூபாய் கட்டுகிறேன், இன்னும் 22 மாதம் இருக்கிறது. அதை இப்போது அவரிடம் சொல்லாதே என்கிறார் அம்மா. ஆடி முடிந்ததும் தேதி வைக்கலாம் என்கிறார்கள். அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள நான் என்ன கேட்க வேண்டும்?

பெயர் வேண்டாம், வாலாஜாபேட்டை.

பதில்:

அன்பு மகளுக்கு,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உனக்குக் கேட்கத் தோன்றியதே சரி. 34 வயதில் ஒரு பெண்ணுக்கு வரன் வந்தால், "இதையும் விட்டுடாதே" என்று நாலு பக்கமும் சொல்லிச் சொல்லி, வாயைத் திறப்பதே தப்பு என்பது போல ஆக்கிவிடுவார்கள். தப்பில்லை. வாழப்போவது நீ.

வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு நீயும் போயிருப்பாய். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அங்கே மூலவர் கிடையாது. கல்யாண மண்டபத்துச் சிற்பங்களைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். யாளியையும் குதிரையையும் அண்ணாந்து பார்த்துவிட்டு, வெறும் கருவறையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். 1981இல்தான் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். உன் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அந்தப் பழைய கோயில்தான் ஞாபகத்துக்கு வந்தது. மரியாதை இருக்கிறது, தவறாமல் போன் வருகிறது, குரலில் கனிவு இருக்கிறது. உள்ளே இருக்க வேண்டியதுதான் இன்னும் வரவில்லை.

சரி, அது ஏன் வரவில்லை? நீ கேட்ட கேள்வியை அவர் இடத்தில் இருந்து கேட்டுப் பார். நாலு வருஷமாக அந்த மனிதரிடம் சொந்தக்காரர், தரகர், கடைக்கு டப்பா வாங்க வந்தவர் என்று எல்லோரும் கேட்ட கேள்வி அது. கேட்டவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியிருந்தது வம்பு. ராத்திரி 9 மணிக்கு, ஷட்டரை இறக்கிவிட்டு அசதியாக உட்கார்ந்திருக்கும்போது நீயும் அதையே கேட்டாய். அவர் கதவைச் சாத்திக்கொண்டார். அதை வைத்து மட்டும் அவரைக் கெட்டவர் என்றும் சொல்ல மாட்டேன், நல்லவர் என்றும் சொல்ல மாட்டேன்.

ஆனால் உன் கடிதத்தில் இன்னொரு சாத்திய கதவும் இருக்கிறது. தம்பியின் கடன். அவரைப் பற்றி எல்லாம் தெரிய வேண்டும் என்கிறாய், உன்னைப் பற்றி ஒன்றை மறைத்து வைத்திருக்கிறாய். அம்மா சொன்னதால்தான், தெரிகிறது. இருந்தாலும் மனசு விட்டுப் பேசும் பேச்சு அப்படித் தொடங்காது. அவரிடம் எதைக் கேட்பது என்பதற்கு முன்னால், எதைச் சொல்லப்போகிறோம் என்று யோசி. முதலில் சொல்ல வேண்டியது நீதான்.

இது என் அபிப்பிராயம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஆர்தர் ஆரன் என்ற உளவியல் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் 1997இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத இருவரை ஜோடியாக உட்காரவைத்து 36 கேள்விகளை 45 நிமிடத்தில் பேசச் சொன்னார்கள். முதலில் லேசான கேள்விகள், போகப் போக ஆழமானவை. ஒவ்வொரு கேள்விக்கும் இருவருமே பதில் சொல்ல வேண்டும். வேறு சில ஜோடிகளுக்கு வெறும் அரட்டைக் கேள்விகளைக் கொடுத்தார்கள். நேரம் ஒன்றுதான், ஆனால் அரட்டை அடித்தவர்களைவிட ஒருவருக்கொருவர் திறந்து பேசியவர்கள் அதிக நெருக்கத்தை உணர்ந்தார்கள். அந்த 36 கேள்விகளையும் நீ எடுத்துக்கொண்டு போக வேண்டாம். படிப்படியாகப் போனதையும், இருவருமே சொன்னதையும் மட்டும் எடுத்துக்கொள்.

என் வாழ்க்கையில் இதை நான் கல்யாணத்துக்கு அப்புறம்தான் கற்றுக்கொண்டேன். 1987இல் ஆற்காட்டில் எனக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் அவர் என்னிடம் பேசியது இரண்டே வாக்கியம். வீட்டில் ராத்திரி அவருடைய அம்மா லேசாக இருமினாலே எழுந்து போய்விடுவார். மூன்று வருஷம் அதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். ஒரு முறை மாமியாரின் கண் ஆபரேஷனுக்காக விடிகாலையிலேயே ஒரு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என்னவோ தோன்றி, "உங்க அம்மா மேல எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்துச்சு, இப்ப அவங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு" என்று சொன்னேன். இட்லிப் பொட்டலத்தின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். தன் 17 வயதில் அப்பாவோடு சண்டை போட்டு வீட்டை விட்டு ஓடியதையும், அம்மா இரண்டு நாள் காட்பாடி ஸ்டேஷனில் பிளாட்பாரம் பிளாட்பாரமாகத் தேடி அலைந்ததையும் சொன்னார். "அன்னைக்கு ஏறின சளிதான் அது, இன்னும் இருமுறாங்க" என்றார். அந்த நூலை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே இருந்தார். மூன்று வருஷச் சண்டை எனக்கு அங்கேயே ஆறிப்போனது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவரும் திறந்திருக்க மாட்டார்.

அதனால் போனில் வேண்டாம். நேரில் பார்த்துப் பேசு. வாலாஜாவுக்கும் குடியாத்தத்துக்கும் நடுவில் வேலூர் இருக்கிறது, இருவருக்குமே ஒரு பஸ் தூரம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு, வெயில் இறங்கியதும், கோட்டைப் பக்கம் வரச் சொல். அகழியைப் பார்த்தபடி மரத்தடியில் உட்காரலாம், இல்லையென்றால் நடந்துகொண்டே பேசலாம். ஹோட்டலில் எதிரெதிராக உட்கார்ந்தால் இன்டர்வியூ மாதிரி ஆகிவிடும். பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது முகத்தைப் பார்க்காமலே கஷ்டமான விஷயங்களைச் சொல்ல முடியும். துணைக்கு ஆள் வேண்டும் என்று வீட்டில் சொன்னால் சித்தி மகளைக் கூட்டிக்கொண்டு போ. அவள் கோயிலைச் சுற்றிவரட்டும்.

எப்படித் தொடங்குவது? இப்படித் தொடங்கு: "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்ங்க. தம்பி கடனுக்கு மாசம் ஒன்பதாயிரம் கட்டுறேன், இன்னும் 22 மாசம் இருக்கு. கல்யாணத்துக்கு அப்புறமும் கட்டுவேன்." அதோடு நிறுத்து. மன்னிப்புக் கேட்கிற குரல் வேண்டாம், நீ ஒரு தப்பும் பண்ணவில்லை. நின்றுபோன நிச்சயத்தைப் பற்றியும் உனக்கு முடிந்த அளவு சொல். அப்புறம் அவர் என்ன செய்கிறார் என்று கவனி. கடன் எப்படி வந்தது என்று கேட்கிறாரா, தம்பி இப்போது என்ன செய்கிறான் என்று விசாரிக்கிறாரா, இல்லை முகம் மாறிக் கணக்குப் போடுகிறாரா? அந்த ஐந்து நிமிஷத்தில் உனக்கு நிறையத் தெரிந்துவிடும்.

கேட்கும்போது குணத்தைக் கேட்காதே, நடந்ததைக் கேள். "நீங்க கோபக்காரரா?" என்றால் உலகத்தில் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். "கடைசியா எப்ப ரொம்பக் கோபம் வந்துச்சு, அப்புறம் என்ன பண்ணீங்க?" என்று கேள். கடையில் வேலை பார்க்கும் பையன் பெயின்ட் டப்பாவைக் கொட்டிவிட்டால் என்ன செய்வார்? அவர் அம்மாவுக்கும் உனக்கும் ஒத்துப்போகாத ஒரு நாளில் யாரிடம் முதலில் பேசுவார்? கடை லாபத்தில் வீட்டுக்கு எவ்வளவு, கடைக்கு எவ்வளவு? உன் வேலை தொடர வேண்டும் என்றால் குடியாத்தத்திலிருந்து தினமும் சிப்காட்டுக்குப் போய்வர வேண்டியிருக்கும், அதற்கு என்ன சொல்கிறார்? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதே. "பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் விடாமல் இன்னொரு தடவை கேள்.

முதல் கல்யாணத்தைப் பற்றி யார் தப்பு என்று விசாரிக்காதே. "திரும்பிப் பார்த்தா, நீங்க வேற மாதிரி நடந்திருக்கலாம்னு தோணுறது ஏதாவது இருக்கா?" என்று கேள். ஒன்றாவது சொல்கிறார் என்றால் அந்த மனிதர் தன்னைத்தானே பார்த்திருக்கிறார். முழுத் தப்பும் அந்தப் பெண்மேல் என்றால், அவளைக் கொச்சையாகப் பேசினால், நாளைக்கு உன்னைப் பற்றியும் அப்படித்தான் பேசுவார். அந்த இடத்தில் தயங்கி நில். "இன்னைக்குச் சொல்ல வரலை, கொஞ்சம் டைம் கொடுங்க" என்றால் கொடு. அது நேர்மையான பதில்தான். ஆனால் தேதி வைப்பதற்கு முன்னால் அந்தப் பேச்சு முடிந்தாக வேண்டும் என்பதையும் சொல்லிவிடு. கேட்டதற்காகவே கோபப்பட்டால், உனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

இன்னொன்று, இது பேச்சில் தீர்வதில்லை. விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை உங்கள் வீட்டு ஆண்கள் யாராவது கேட்டு வாங்கி ஒரு வக்கீலிடம் காட்டட்டும். யாரும் மேல்முறையீடு செய்யாமலே அதற்கான காலம் முடிந்திருக்க வேண்டும், அல்லது மேல்முறையீடு தள்ளுபடி ஆகியிருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மறுமணம் என்று 1955ஆம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டத்தின் 15ஆவது பிரிவு சொல்கிறது. ஜீவனாம்சம் ஏதாவது கட்டுகிறாரா என்பதையும் வக்கீல் வழியாகவே விசாரிக்கட்டும். அதை நீ அவரிடம் துருவிக் கேட்க வேண்டியதில்லை.

அம்மாவிடம் சண்டை போடாதே. ஒரு தடவை நின்றுபோன கல்யாணத்தைப் பார்த்தவர், பயத்தில் சொல்கிறார். ஆனால் தாலி ஏறிய இரண்டாம் மாதம் உன் சம்பளத்தில் 9,000 எங்கே போகிறது என்று அவர் கேட்பார் இல்லையா, அப்போது அம்மா பக்கத்தில் இருக்க மாட்டார் என்பதை மெதுவாகச் சொல். வேண்டுமானால் இந்தப் பக்கத்தையே கொடுத்துப் படிக்கச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை மழை வந்தால் கோயில் மண்டபத்தில் ஒதுங்கிக்கொள்ளுங்கள், பேச்சை மட்டும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். போய்வந்து எனக்கு எழுது மகளே, காத்திருக்கிறேன்.