பாட்டில் வாங்குவதற்கு முன் நாலு வரிசையை விட்டு வையுங்கள்

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டத்தை ஒட்டி 60 சென்ட்டில் எலுமிச்சைப்புல் போட்டு, எண்ணெய் காய்ச்சுகிறோம். கடற்பாசிச் சாறும் மட்கிய பொருளிலிருந்து எடுக்கும் ஹியூமிக் அமிலமும் கலந்த டானிக் அடித்தால் எண்ணெய் இரட்டிப்பாகும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா, பஞ்சகவ்யாவே போதுமா?

பதில்: இரட்டிப்பாகாது. அப்படிச் சொல்பவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

கடற்பாசிச் சாறு நல்ல பொருள்தான். அறுத்த தூர் சீக்கிரம் துளிர்க்கவும் வறட்சியைத் தாங்கவும் உதவும். ஆனால் அது உரம் இல்லை. மண்ணில் சத்து இல்லாமல் தூண்டி மட்டும் விட்டால் பயனில்லை. முதலில் மண்ணைப் பரிசோதியுங்கள். எண்ணெய் அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ரகமும் அறுக்கும் பருவமும்தான். மழையில் தளதளவென்று வளர்ந்த புல்லில் எண்ணெய் குறைவாகவே இருக்கும். அறுத்த புல்லை ஒரு நாள் நிழலில் வாட விட்டுக் காய்ச்சுங்கள். அதற்குச் செலவே இல்லை.

பாட்டில் விஷயத்துக்கு வருகிறேன். இப்படிப் பயிரைத் தூண்டிவிடும் உயிர்த்தூண்டிகளை (biostimulants) உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்ததே 2021 பிப்ரவரியில்தான். அப்புறமும் விற்பதற்கான தற்காலிகச் சான்றை நீட்டி நீட்டி 2025 ஜூன் வரை ஓட்டினார்கள். நாலு வருஷம் நஷ்டப்பட்டது விவசாயி. இப்போதும் அனுமதி பயிர் வாரியாகத்தான். நெல், தக்காளிக்கு வாங்கிய அனுமதியைக் காட்டி உங்கள் தலையில் கட்டுவார்கள். எலுமிச்சைப்புல் மாதிரிச் சின்னப் பயிரை யார் கண்டுகொள்கிறார்கள்? லேபிளில் உங்கள் பயிரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், பில் கேளுங்கள். அடித்த நாலாம் நாளே கரும்பச்சை ஏறினால், யூரியா கலந்திருக்குமோ என்று சந்தேகப்படுங்கள். யூரியா வாங்கப் போனால் "இந்த டானிக்கையும் எடுத்தால்தான் தருவேன்" என்பது சட்டப்படி தப்பு. வேளாண் துறையின் தரக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் எழுதிக் கொடுங்கள்.

உங்களுக்கு இப்போதைக்குப் பஞ்சகவ்யா போதும். 3 சதவீதம், அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி. துணியில் வடிகட்டாவிட்டால் நாசில் அடைத்துக்கொள்ளும். அறுத்துத் துளிர் வந்த பிறகு, மழை வராத மாலையில் அடியுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். காய்ச்சும் புல்லுக்குத்தான் தெளிப்பு. டீக்கு என்று இலையாக விற்கும் புல்லின் மேல் அடிக்காதீர்கள். பஞ்சகவ்யாவில் இருப்பது பச்சைச் சாணமும் கோமியமும். காய்ச்சும்போது ஆவியின் சூட்டில் கிருமி செத்துவிடும், நிழலில் உலர்த்தினால் சாகாது. கொஞ்சம் புல்லை மட்டும் டீக்கு விற்றாலும் இதேதான். அந்த வரிசைகளைத் தனியாகக் குறித்து, இலையில் படாமல் வேரில் மட்டும் ஊற்றுங்கள். நன்றாக அலசிவிட்டோமே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

சரி, டானிக்கையும் பார்த்துவிட ஆசை என்றால் சின்ன பாட்டிலாக ஒன்று வாங்குங்கள். நாலு வரிசைக்கு எதுவும் அடிக்காமல் விடுங்கள். ஒரே நாளில் அறுத்து, டானிக் அடித்தது, அடிக்காதது இரண்டிலும் ஒரே எடைப் புல்லைத் தனித்தனியாகக் காய்ச்சி எண்ணெயை அளந்து பாருங்கள். அடுத்த முறை கடைக்காரர் வந்தால் அந்தக் கணக்கைக் காட்டிப் பேசுங்கள்.