ரசம் மணத்தால் பாட்டி ஏன் நினைவுக்கு வருகிறார்?

பாட்டி இறந்து பல வருடம் ஆகியும், ரசம் தாளிக்கும் வாசனைக்குக் கண் கலங்குவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பார்வையும் ஒலியும் மூளையில் தலாமஸ் என்ற இடைநிலையம் வழியாகத்தான் போகும். வாசனைக்கு அந்தச் சுற்றுவழி இல்லை. உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலாவுக்கு நேராகப் போகிறது. நினைவைச் சேர்க்கும் ஹிப்போகாம்பஸும் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால்தான் யோசிப்பதற்கு முன்பே தொண்டை அடைக்கிறது.

அப்புறம், என் பாட்டி பாசத்தை வாயால் சொன்னதே இல்லை. காய்ச்சல் நாளில் குழைந்த சோற்றில் மிளகு ரசம் ஊற்றிப் பிசைந்து, "இன்னும் ஒரு வாய்" என்பார், அவ்வளவுதான். அவர் பக்குவத்தை எழுதி வைக்காதது எனக்கு இன்றும் வருத்தம். புளி எவ்வளவு, மிளகு எவ்வளவு என்று அம்மாவிடம் இன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள். கொதித்தால் அந்த மணம் போய்விடும்.