பரணில் இறுகிப்போன ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்: சரிசெய்வதா, வேறு வாங்குவதா?

கேள்வி: ரேடியோ கன்ட்ரோல் விமானம் பறக்கவிட ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. 46 அளவு டூ ஸ்ட்ரோக் இன்ஜின் பொருத்திய டிரெய்னர் (பறக்கவிடப் பழகும் விமானம்) வைத்திருக்கிறேன், எடை 2.3 கிலோ. அதில் ஃபோர் ஸ்ட்ரோக் போட ஆசை. சித்தப்பா சிங்கப்பூரில் இருந்தபோது வாங்கிய ஓ.எஸ். எஃப்.எஸ்-52 சர்பாஸ் பத்து வருடமாக எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. இப்போது புரொப்பெல்லரைத் திருப்பினால் அசையவே இல்லை. இதைச் சரிசெய்யலாமா, அல்லது நண்பர் விற்கும் பழைய 70 ஃபோர் ஸ்ட்ரோக்கை வாங்கிவிடலாமா? (கோவையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: உங்கள் 52-ஐயே சரிசெய்யுங்கள். ஏன் என்று சொல்வதற்கு முன் ஒரு வேண்டுகோள்: இதைப் படித்து முடிக்கும்வரை அந்தப் புரொப்பெல்லரில் கை வைக்காதீர்கள். பரணில் இறுகிக் கிடக்கும் இன்ஜின் பெரும்பாலும் கெட்டிருக்காது. எரிபொருளில் இருந்த விளக்கெண்ணெய் காய்ந்து, பிசினாகி, உள்ளே எல்லாவற்றையும் ஒட்டி வைத்திருக்கும். வீட்டில் விளக்கெண்ணெய் பாட்டிலின் மூடி ஒரு வருடம் கழித்துத் திறக்க வராமல் அடம்பிடிக்குமே, அதே கதைதான். நாம் பலம் கொடுத்துத் திருப்பும்போதுதான் உண்மையிலேயே கெடுகிறது.

அளவு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். 46 என்பது 0.46 கன அங்குலம், அதாவது 7.5 சிசி. 52 என்றால் 8.5 சிசி, 70 என்றால் 11.5 சிசி. டூ ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வெடிக்கிறது, ஃபோர் ஸ்ட்ரோக் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை. ஆகவே அதே சிசியில் அதே பலம் வராது. 46 டூ ஸ்ட்ரோக்குக்கு ஈடாக 70 ஃபோர் ஸ்ட்ரோக் என்பது பறக்கவிடுகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. விமானப் பெட்டிகளிலும் ‘டூ ஸ்ட்ரோக் 40 முதல் 46, ஃபோர் ஸ்ட்ரோக் 52 முதல் 70’ என்றுதான் பெரும்பாலும் போட்டிருப்பார்கள்.

அப்படியானால் 70 தானே சரி என்று கேட்பீர்கள். பலத்துக்குச் சரி. ஆனால் அதன் எடை அரைக் கிலோவைத் தாண்டும். உங்கள் விமானத்தின் மூக்கு கனத்து, வாலில் ஈயம் ஒட்ட வேண்டிவரும். அந்த ஈயமும் சேர்ந்து இறங்கும் வேகத்தைக் கூட்டும். 13 அங்குலப் புரொப்பெல்லர் தரையில் இடிக்காமலிருக்கச் சக்கரக் கால்களும் உயரமாக இருக்க வேண்டும். 52-க்கு 11x7 அல்லது 12x6 (அங்குலத்தில் விட்டமும், ஒரு சுற்றில் முன்னேறும் தூரமும்) போதும். செங்குத்தாக ஏற வேண்டும், குட்டிக்கரணம் போட வேண்டும் என்றால்தான் 70 தேவை. டிரெய்னரை மாலை நேரத்தில் நிதானமாக வட்டமிட விடுவதற்கு 52 அழகாகப் பொருந்தும். 46 டூ ஸ்ட்ரோக் 12,000 சுற்றுக்கு மேல் வீரிடும் இடத்தில் இது 9,000, 10,000-இல் பெரிய புரொப்பெல்லரை நிதானமாகச் சுழற்றும். எரிபொருளும் குறைவாகத்தான் குடிக்கும். ஆனால் யாரும் அந்தக் கணக்குக்காக ஃபோர் ஸ்ட்ரோக் வாங்குவதில்லை, அந்தச் சத்தத்துக்காகத்தான். ஒசாகாவின் ஓ.எஸ். நிறுவனம் 1976-இல் எஃப்.எஸ்-60-ஐக் கொண்டுவந்தபோது, வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்கள் மூடியில்லாமல் வெளியே ஆடிக்கொண்டிருக்கும். அதை ஓடவிட்டு வேடிக்கை பார்ப்பதற்கென்றே வாங்கியவர்கள் உண்டு.

சரி, இப்போது இன்ஜினைக் கையில் எடுங்கள். முதல் வேலை, மேலே இருக்கும் ராக்கர் மூடியைக் கழற்றுவது. இரண்டு ராக்கர்களும் இரண்டு வால்வு ஸ்பிரிங்குகளும் தெரியும். ஸ்பிரிங்குக்கு மேலே தெரியும் ஒவ்வொரு வால்வின் முனையையும் கட்டைவிரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். உள்ளே போய் உடனே துள்ளித் திரும்பினால் கவலையில்லை. போகவே இல்லை, அல்லது போனது வரவில்லை என்றால் வால்வின் தண்டு பிசினில் மாட்டியிருக்கிறது. இந்த நிலையில் புரொப்பெல்லரைத் திருப்பினால், மூடி மாட்டிய வால்வைத் தள்ளப்போய், ராக்கரைத் தூக்கும் கம்பியான புஷ்ராட் வளையும். திறந்து மாட்டிய வால்வைப் பிஸ்டன் வந்து முட்டும். தொடாதீர்கள் என்று சொன்னது இதனால்தான்.

எரிபொருளைப் பற்றவைக்கும் குளோ பிளக்கைக் கழற்றுங்கள். அந்தத் துளையிலும், வால்வுத் தண்டுகளின் அடியிலும், கிராங்க்கேஸின் (சிலிண்டருக்குக் கீழே உள்ள கூடு) அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு மூச்சுக்குழாயிலும் சில சொட்டு எண்ணெய் விடுங்கள். கார் உதிரிபாகக் கடையில் கிடைக்கும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய் நன்றாக வேலை செய்யும். ஒரு ராத்திரி ஊறட்டும். மறுநாள் ஹீட் கன்னால் எல்லாப் பக்கமும் சுற்றிச் சுற்றிச் சூடேற்றுங்கள். முடி உலர்த்தும் டிரையரும் ஆகும், பொறுமை வேண்டும், அவ்வளவுதான். ஒரு துளி தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று மறைய வேண்டும், அதுதான் பதம். அந்தச் சூட்டில் பிசின் இளகும். வால்வுகள் இரண்டும் துள்ளுகின்றன என்று உறுதியான பிறகு, கனத்த துணியைக் கையில் சுற்றிக்கொண்டு புரொப்பெல்லரை முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசையுங்கள். ஒரு கணத்தில் ‘பிசுக்’ என்று விட்டுக்கொடுக்கும். விடவில்லையென்றால் மறுபடி எண்ணெய், மறுபடி சூடு. எலக்ட்ரிக் ஸ்டார்ட்டரை மட்டும் இந்தக் கட்டத்தில் பக்கத்தில் கொண்டுவராதீர்கள்.

சுழல ஆரம்பித்துவிட்டதா? இனிமேல்தான் நோய் என்ன என்று பார்க்க வேண்டும். பிளக்கை மாட்டி, கார்புரேட்டரை முழுக்கத் திறந்து, புரொப்பெல்லரை மெதுவாகச் சுற்றி, உள்ளே காற்று இறுகிக் கையைத் தடுக்கும் அழுத்த நிலைக்குக் கொண்டுவந்து அப்படியே பிடித்திருங்கள். காதைக் கிட்டே வையுங்கள். சைலன்சர் பக்கம் ‘உஸ்ஸ்’ என்று காற்று கசிந்தால் வெளிப்போக்கு வால்வு சரியாக அமரவில்லை. கார்புரேட்டரில் கேட்டால் உள்ளிழுக்கும் வால்வு. மூச்சுக்குழாயில் கேட்டால் பிஸ்டன் ரிங். ரிங்கில் கொஞ்சம் கசிவது இயல்பு, ஓடினால் சரியாகிவிடும். அதற்காக ரிங்கைக் கழற்றிப் பார்க்காதீர்கள், சட்டென்று உடையும். வால்வில் கசிந்தால் அதை உரசித் தேய்க்க உட்காருவதற்கு முன் டாப்பெட் இடைவெளியை, அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விடும் சிறு இடைவெளியைப் பாருங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

இதில் நானே அடிபட்டிருக்கிறேன். ஆரம்ப காலத்தில் ஒருநாள் மைதானத்தில் டாப்பெட் சத்தம் அதிகமாகக் கேட்கிறதே என்று, இன்ஜின் சூடாக இருக்கும்போதே இடைவெளியைக் கச்சிதமாக வைத்தேன். அன்று மாலை பிரமாதமாக ஓடியது. மறுநாள் காலையில் புரொப்பெல்லர் விசிறிபோல் இலேசாகச் சுற்றுகிறது, அழுத்தமே இல்லை! விஷயம் இதுதான்: சிலிண்டரும் ஹெட்டும் அலுமினியம். சூட்டில் அவை புஷ்ராட்டைவிட அதிகமாக நீளும், இடைவெளி கூடும். அப்போது அளந்து வைத்தால் ஆறிய பிறகு இடைவெளி மறைந்து வால்வு திறந்தே நிற்கும். ஆகவே எப்போதும் குளிர்ந்த இன்ஜினில்தான் வைக்க வேண்டும். இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் அழுத்த நிலையில், பிஸ்டன் உச்சத்தில் இருக்கும்போது அளக்க வேண்டும். 0.04 மி.மீ. தகடு ராக்கருக்கும் வால்வுக்கும் இடையே நுழைய வேண்டும், 0.10 மி.மீ. தகடு நுழையக் கூடாது. புல்லட்டுக்கு டாப்பெட் வைக்கிற மெக்கானிக் யாராவது தெரிந்தால் கூட வைத்துக்கொள்ளுங்கள், கைப்பழக்கம் ஒன்றுதான்.

அடுத்து பேரிங். பத்து வருடம் கிடந்த ஃபோர் ஸ்ட்ரோக்கில் இதைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன். டூ ஸ்ட்ரோக்கில் எரிபொருள் கிராங்க்கேஸ் வழியாகப் போவதால் பேரிங் ஒவ்வொரு நொடியும் எண்ணெயில் குளிக்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் எரிபொருள் நேராக ஹெட்டுக்குப் போய்விடும். ரிங்கைத் தாண்டிக் கசிந்து வருவதுதான் பேரிங்குக்குக் கிடைக்கும் எண்ணெய், அதோடு எரிந்த புகையின் ஈரமும் அமிலமும் சேர்ந்து வரும். எரிபொருளில் இருக்கும் மெத்தனால் வேறு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மூச்சுக்குழாயில் வரும் எண்ணெய் செம்பழுப்பாக இருக்கிறதா, பிளக்கைக் கழற்றிவிட்டுத் தண்டைச் சுற்றினால் விரலில் மணல் அரைப்பதுபோல் நறநறக்கிறதா என்று பாருங்கள். நறநறத்தால் மாற்றியே ஆக வேண்டும்.

மாற்றுவதற்கு இன்ஜினை முழுக்கப் பிரிக்க வேண்டும். வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டை எடுக்காமல், புரொப்பெல்லரைச் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் வெளியே வராது. எனவே ஒவ்வொரு படியிலும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேம் கியரில் ஒரு சிறு புள்ளி இருக்கும், பிஸ்டன் உச்சத்தில் இருக்கும்போது அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கட்டாயம் படமெடுங்கள். வெறும் கிராங்க்கேஸை ஓவனில் 150 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, ஒரு மரப்பலகையில் பட்டென்று தட்டினால் பின் பேரிங் தானாக விழும். இட்லிப் பானையில் வைத்துப் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னார். ஆவி 100 டிகிரியைத் தாண்டாது, அதற்கு வராது. கேஸ் அடுப்பின் தீயில் நேராகக் காட்டுவதும் வேண்டாம். பேரிங்கின் விளிம்பில் எண் பொறித்திருக்கும், கோவை போன்ற ஊரில் அதைக் கொண்டுபோய்க் காட்டினால் கடைக்காரரே எடுத்துக் கொடுப்பார். பின்பக்கத்துக்குத் திறந்த வகை வாங்குங்கள். முன்பக்கத்துக்கு ஒரு பக்கம் மட்டும் மூடியது, மூடிய பக்கம் வெளியே பார்க்க வேண்டும்.

பிரித்ததுதான் பிரித்தீர்கள், கருகிய விளக்கெண்ணெயையும் போக்கிவிடலாம். ரப்பர் வளையம், பிளாஸ்டிக் எதுவும் இல்லாத பாகங்களை, காருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைகால் கூலன்ட்டில் போட்டு, கொதிக்கவிடாமல் இளஞ்சூட்டில் சில மணி நேரம் வைத்தால் பழுப்பு நிறம் பூராவும் கழன்றுவிடும். திறந்த வெளியில் செய்யுங்கள். அது விஷம், அந்தப் பாத்திரம் இனி சமையலறைக்குத் திரும்பக் கூடாது. காஸ்டிக் சோடா கலந்த துப்புரவுத் திரவங்களில் மட்டும் போட்டுவிடாதீர்கள், அலுமினியத்தையே அரித்துவிடும்.

திரும்பப் பூட்டியதும் கேம் சரியாக அமர்ந்ததா என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது. புரொப்பெல்லரை ஓட்டத் திசையில் மெதுவாகச் சுற்றிக்கொண்டே ராக்கர்களைப் பாருங்கள். பிஸ்டன் உச்சத்துக்கு வரும் ஒரு சுற்றில் வெளிப்போக்கு வால்வு மூடிக்கொண்டிருக்க, உள்ளிழுக்கும் வால்வு திறக்க ஆரம்பிக்கும். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் திறந்திருக்கும். அடுத்த சுற்றின் உச்சத்தில் இரண்டுமே மூடியிருக்கும். ஒரு பல் தள்ளிப் பூட்டியிருந்தால் இன்ஜின் ஒருவேளை ஓடும், ஆனால் பலம் இருக்காது, கார்புரேட்டர் வழியாகத் தும்மும்.

எரிபொருளில் எண்ணெய் 18 முதல் 20 சதவீதம் இருக்கட்டும். நைட்ரோ (நைட்ரோமீத்தேன்) 10 சதவீதம் இருந்தால் ஐடில், அதாவது மிக மெதுவான ஓட்டம், நன்றாக நிற்கும். இல்லாமலும் ஓட்டலாம். ஃபோர் ஸ்ட்ரோக்குக்கான எஃப் வகை குளோ பிளக்கையே போடுங்கள், டூ ஸ்ட்ரோக் பிளக் மெதுவாக ஓடும்போது அணைந்து அணைந்து வெறுப்பேற்றும். தமிழ்நாட்டில் மெத்தனால் வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் தேவை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்திருக்க மாட்டோம். எரிபொருள் டப்பாவைத் தண்ணீர் பாட்டிலாக மாறிவிட முடியாதபடி எழுதி ஒட்டி, பூட்டி வையுங்கள். அதன் தீ பகலில் கண்ணுக்கே தெரியாது என்பதும் நினைவிருக்கட்டும். இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்றால் சைட்டோ நிறுவனத்தின் எஃப்.ஜி. வரிசைபோல் பெட்ரோலில் ஓடும் ஃபோர் ஸ்ட்ரோக்குகள் இருக்கின்றன. அவை உங்கள் டிரெய்னருக்குப் பெரியவை, அடுத்த விமானத்துக்கு யோசிக்கலாம். அப்போது எரிபொருள் போகும் சிலிகான் குழாயை மாற்ற மறக்காதீர்கள், பெட்ரோலில் அது ஊதிப்போகும்.

முதல் ஓட்டத்தில் எரிபொருளைத் தாராளமாக விட்டு, இரண்டு மூன்று நிமிட ஓட்டங்களாக, இடையில் ஆறவிட்டு ஓட்டுங்கள். பிறகு எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் மெயின் ஊசியைத் திருகிச் சுற்றை உச்சத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து 200, 300 சுற்று குறையும்வரை திறந்து விடுங்கள். உச்சத்திலேயே நிறுத்தினால் ஃபோர் ஸ்ட்ரோக் வெடித்துப் பின்னுக்கு உதைக்கும், அந்த உதையில் புரொப்பெல்லர் நட்டே கழன்று பறக்கும். இரட்டைப் பூட்டு நட்டு போட்டிருக்கிறீர்களா என்று பார்த்துவிட்டே ஸ்டார்ட் செய்யுங்கள், புரொப்பெல்லருக்கு நேரே நிற்காதீர்கள். முதல் ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு டாப்பெட்டை மறுபடி அளக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் கடைசியில் எரிபொருள் குழாயைப் பிடுங்கி இன்ஜினைத் தானாக நிற்கவிட்டு, மூச்சுக்குழாயில் எண்ணெய் செலுத்திக் கையால் நான்கு சுற்று சுற்றி வையுங்கள். சித்தப்பா இதைச் செய்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது!

52-இல் கேமோ கனெக்டிங் ராடோ போயிருந்தால் கணக்கு மாறும். சர்பாஸுக்குப் பிறகு ஆல்ஃபா வரிசை வந்துவிட்டது, பழையதற்கு அந்தப் பாகங்களைத் தேடி அலைய வேண்டியிருக்கும். அப்போது நண்பரின் 70-ஐப் போய்ப் பாருங்கள். ராக்கர் மூடியைக் கழற்றி வால்வை அழுத்திப் பார்க்கவும், மூச்சுக்குழாய் எண்ணெயின் நிறத்தைப் பார்க்கவும் அவர் சம்மதித்தால் விலை பேசலாம். ‘நன்றாக ஓடியது, அப்படியே வாங்கிக்கொள்’ என்றால் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.