மனசு பதறும் நாளில் எதைப் பார்ப்பது? – கேள்வி பதில்

தங்கச்சிமடத்திலிருந்து: அக்கா, வீட்டுக்காரர் கடலுக்குப் போன ராத்திரி காத்து சத்தம் கேட்டாலே தூக்கம் போயிருது. டிவி போட்டாலும் மனசு நிக்க மாட்டேங்குது.

புதுப்படம் போடாதீங்க. அடுத்து என்ன ஆகுமோ என்று ஏற்கெனவே தவிக்கிற மனசுக்கு இன்னொரு ‘அடுத்து என்ன’ சுமைதான். முடிவு தெரிந்த, பலமுறை பார்த்த படமே இதற்குச் சரி. நடுவில் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தாலும் கதை கைவிட்டுப் போகாது.

என் முதல் சிபாரிசு ‘காதலிக்க நேரமில்லை’ (1964). வில்லனே இல்லாத கதை. நாகேஷ் பேய்க்கதை சொல்லச் சொல்ல பாலையாவின் முகத்தை மட்டும் கவனியுங்க. வசனம் அவருக்குக் கொஞ்சம்தான். கண்ணும் வாயுமே பயந்து ஒடுங்கும். முழுப்படம் பார்க்கத் தெம்பில்லை என்றால் அந்தக் காட்சி மட்டும் போதும்.

‘நீர்ப்பறவை’ (2012) நல்ல படம். ஆனால் கடலுக்குப் போனவர் உயிரோடு திரும்பாத கதை. படகு கரைக்கு வராத ராத்திரியில் அது வேண்டாம். பொதுவாகவே, எதை நினைத்துப் பயமோ அது கதையில் இருக்கக் கூடாது. படத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து: அம்மாவுக்கு ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ போட்டுக் காட்டலாமா அக்கா? பழசை நினைச்சு அழுவாங்களோன்னு பயமா இருக்கு.

காட்டலாம், ஆனால் தனியாக விடாமல் பக்கத்தில் இருங்க. இலங்கையிலிருந்து ஒரு குடும்பம் படகில் ராமேஸ்வரம் கரையேறி போலீஸிடம் சிக்குவதில்தான் 2025-இல் வந்த இந்தப் படம் தொடங்குகிறது. அம்மாவுக்குக் கனக்கும் இடம் அதுதான். அதைத் தாண்டி, சென்னையில் குடிபோன பிறகு வரும் பகுதியிலிருந்து போட்டாலும் கதை புரியும். அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக அந்தக் குடும்பத்தோடு ஒட்டிக்கொள்வதுதான் படத்தின் உயிர். நடுவில் ஒரு பாட்டியின் சாவு வரும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்க.

‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) இப்போதைக்கு வேண்டாம். குண்டுச் சத்தம் நிறைய.

கீழக்கரையிலிருந்து: லாத்தா, வாப்பா துபாய்ல இருக்காங்க. உம்மா ராத்திரி பூரா சீரியல் பார்க்கிறாங்க, காலையில தலைவலிங்கிறாங்க.

சீரியல் தினமும் ஒரு முடிச்சோடுதான் நிற்கும். மறுநாள் வரவழைக்க அதுதான் வழி. அந்த முடிச்சோடு படுத்தால் தூக்கம் எப்படி வரும்? ஒவ்வொரு பகுதியும் அநேகமாகத் தன்னளவில் முடிகிற தொடராகக் கொடுங்க. பிரைம் வீடியோவில் ‘தலைவெட்டியான் பாளையம்’ (2024) இருக்கிறது. எட்டே பகுதி. பட்டணத்துப் பையன் கிராமத்துப் பஞ்சாயத்து ஆபீஸில் வேலைக்கு வந்து முழிக்கிற கதை.

இன்னொன்று: ஆப்பின் செட்டிங்ஸில் ‘ஆட்டோபிளே’யை அணைத்துவிடுங்க. ஒரு பகுதி முடிந்ததும் அடுத்தது தானாக ஓடினால் யாராலும் எழுந்திருக்க முடியாது. வாப்பாவோடு போன் பேசுவது கடைசியாக இருக்கட்டும், படம் அதற்கு முன்னால்.

பாம்பனிலிருந்து: புயல்னு சொன்னாலே கரண்ட் போயிருது. பிள்ளைங்க பயப்படுதுங்க. போன்ல என்ன வச்சுக்கலாம்?

எச்சரிக்கை வந்த அன்றே, கரண்ட் இருக்கும்போது வேலையை முடிங்க. பதிவிறக்கத் தரத்தைக் குறைச்சு வைங்க. இரண்டரை மணி நேரப் படம் சுமார் 1 ஜிபி ஆகும், உயர்ந்த தரத்தில் வைத்தால் பல மடங்கு போகும். இறக்கியதும் ஃப்ளைட் மோடில் போட்டு ஓடுகிறதா என்று ஒரு தடவை பாருங்க. பலர் தவறவிடுவது இதைத்தான்: பாதியில் நின்ற பதிவிறக்கமும் காலாவதியானதும் நெட் போன பிறகுதான் தெரியவரும். சில படங்கள், பார்க்கத் தொடங்கி 48 மணி நேரத்தில் பூட்டிக்கொள்ளும். அதனால் அப்படிப்பட்ட படத்தை ரொம்ப முன்கூட்டியே ஓட்டிப் பார்க்காமல், புயலுக்கு முந்தின நாள் ஓட்டிப் பாருங்க.

10,000 எம்ஏஎச் பவர் பேங்கில் சுமார் 6,000 தான் போனுக்குப் போய்ச் சேரும். மின்னழுத்தத்தை மாற்றுவதில் மீதி வீணாகும். படத்துக்கு ஒரு போன் என்றால், அவசரத்துக்கு இன்னொன்றைத் தொடாமல் வைங்க. ஒரே போன்தான் இருக்கு என்றால் பேட்டரி பாதிக்கு வந்ததும் படத்தை நிறுத்திடுங்க. வெளிச்சத்தைக் குறைப்பதே பெரிய மிச்சம்.

சின்னப் பிள்ளைகளுக்கு ‘மிஸ்டர் பீன்’, மொழியே வேண்டாம். ‘மை நெய்பர் டொடோரோ’ (1988) 86 நிமிஷம்தான், கெட்டவன் என்று யாரும் இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பதும், கடைசியில் சின்னவள் காணாமல் போய்க் கிடைப்பதும் வரும். அந்த இடத்தில் மடியில் வைத்துக்கொள்ளுங்க.

தொண்டியிலிருந்து: 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அண்ணன் விடிய விடிய அடிதடிப் படமா பார்த்துட்டு எல்லார்மேலயும் எரிஞ்சு விழுறார்.

படம் பார்ப்பதைத் தடுக்காதீங்க, மாற்றுங்க. சாயங்காலம் எல்லாரும் சேர்ந்து ஒரு படம்: ‘கரகாட்டக்காரன்’ (1989), ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990). கல்யாணச் சாம்பாரில் மீன் விழும் இடத்தில் சிரிக்காமல் இருக்க நம்ம ஊர்க்காரரால் முடியாது.

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தாலோ, வாழ்க்கையே வேண்டாம் என்று பேசினாலோ அது படத்தால் தீராது. உடனே 14416-க்குக் கூப்பிடுங்க. டெலிமானஸ், அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம்.

தேவிபட்டினத்திலிருந்து: தாத்தாவுக்குக் காது மந்தம், அக்கா.

சாப்ளினின் ‘தி கிட்’ (1921). வசனம் கேட்கவே வேண்டாம். அது பிடிக்கவில்லை என்றால் ‘திருவிளையாடல்’ தருமி காட்சி. வசனம் அவருக்கே மனப்பாடமாக இருக்கும்.