பொம்பிளை ஆர்?

அன்புள்ள ஐயா,

போன கிழமை வெய்யில் எறிக்க எறிக்க மழை பெய்தது. பேரனை மடியில் வைத்துக்கொண்டு, "வெய்யிலும் மழையும், நரிக்குக் கலியாணம்" என்று பாடினேன். மருமகள் மதுரைப் பக்கம். "இல்ல அத்தை, காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம்" என்றாள். ஐந்து வயதுக்காரன் இடையில் புகுந்து, "அப்ப பொம்பிளை ஆர்?" என்கிறான். எது சரியான பாட்டு? இதற்குள் ஏதும் தத்துவம் இருக்கிறதா?

வாசகி ஒருவர், சுன்னாகம்

அன்புள்ள அம்மா,

இரண்டும் சரி. எங்கள் ஒழுங்கையிலும் உங்கள் பாட்டுத்தான், காகம் இல்லை. சிங்களப் பிள்ளைகள் "அவ்வயி வெஸ்ஸயி, நரியகெ மகுலயி" என்று அதே நரியைத்தான் மணவறையில் இருத்துகிறார்கள். மலையாளத்தில் குறுக்கனின், அதாவது நரியின், கல்யாணம். ஜப்பானிலும் நரிதான். கொரியாவில் புலி, தென்னாப்பிரிக்காவின் சூலு மக்களிடம் குரங்கு. மாட்டி கூசி என்ற பின்லாந்துக்காரர் இந்த வெய்யில்மழைச் சொலவடைகளை நாடு நாடாகத் திரட்டி 1957இல் முழுப் புத்தகமே போட்டார்.

தத்துவம் எதுவும் எனக்குத் தட்டுப்படவில்லை. நையாண்டி தட்டுப்படுகிறது. எங்கள் ஊரில் ஒரு கலியாணம் ஒப்பேறச் சாதகம் பார்க்க வேண்டும், சீதனம் பேச வேண்டும், தாலிக்குப் பொன்னுருக்க வேண்டும். ஆடி ஆகாது, மார்கழி ஆகாது. எல்லாம் சரிவந்து பந்தல் போட்டபிறகு, மழை வந்துவிடுமோ என்று பெண்ணைப் பெற்றவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நரியார் வைத்த முகூர்த்தமோ, பெய்வதா எறிப்பதா என்று வானத்துக்கே தெரியாத நேரம்! வெய்யிலுக்கும் மழைக்கும் பொருத்தம் இல்லை. மருமகளின் காகம் வந்து சேருவதும் அங்கேதான்: வடையைப் பறிகொடுத்தவள், பறித்தவனுக்கே கழுத்தை நீட்டுகிறாள். பத்துப் பொருத்தத்தில் ஒன்றாவது தேறுமா? பேரனிடம் பொம்பிளை காகம்தான் என்று சொல்லிவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் மதுரைப் பாட்டு எங்களுடையதை வென்றுவிட்டது.

இன்னொன்று. அவனுடைய படப்புத்தகத்தில் செம்பட்டை உடம்பும் வெள்ளை நுனி வாலுமாக ஒரு நரி நிற்கும். அது வெள்ளைக்காரன் ஊர் நரி. எங்களுடையது மண்ணிறம், முதுகில் கறுப்புக் கலந்தது, ஊளையிடுவது. அதன் விஞ்ஞானப் பெயரில் கடைசிச் சொல்லே 'நாரியா' என்றுதான் முடிகிறது.

வெய்யில்மழையில் நனைந்தால் காய்ச்சல் வரும் என்று அம்மா அடுப்படியில் இருந்தே கத்துவா. நாங்கள் முற்றத்தில் கையை விரித்துச் சுற்றிக்கொண்டு, "கலியாணம் முடியட்டும், வாறம்" என்போம். தாலி கட்டி முடியுமட்டும்கூட அந்த மழை நீடிக்காது. கிடுகு வேலியில் துளி காய முன்னமே அம்மா துவாயோடு வாசலில் நிற்பா.